ஆன்டிவைரஸ் நீக்கிவிட்டது, சரி. அந்த இரண்டு நாளில் எதெல்லாம் போயிருக்கும்?

கேட்டவரின் நிலைமை இது. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு ஃபைலை வீட்டுக் கணினியில் திறந்திருக்கிறார். திரையில் ஒன்றும் வரவில்லை. ஃபைல் பழுதாகியிருக்கும் என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து ஆன்டிவைரஸ் அதை ட்ரோஜன் (நல்ல ஃபைல் போல வேஷம் போட்டு வரும் தீய நிரல்) என்று கண்டுபிடித்து நீக்கியிருக்கிறது. அந்த இரண்டு நாளில் ஹேக்கர் எதையெல்லாம் பார்த்திருப்பான்? கேமரா வழியாக வீட்டுக்குள் பார்த்திருப்பானா? அதே வைஃபையில் இருக்கும் கைபேசிக்குள்ளும் போயிருப்பானா? இப்போதுதான் நீக்கியாயிற்றே, இனி பயமில்லையா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. பயம் இன்னும் தீரவில்லை. ஆன்டிவைரஸ் நீக்கியது அந்த ஃபைலை மட்டும். அது ஏற்கெனவே வெளியே அனுப்பியதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. பாஸ்வேர்டுகளை இன்னும் மாற்றவில்லை என்றால், மேற்கொண்டு படிப்பதற்கு முன், அந்தக் கணினியைத் தொடாமல் வேறொரு கருவியில் உங்கள் முக்கியமான மின்னஞ்சலைத் திறங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்திவிட்டு வாருங்கள். ஏன் இப்படி என்பது போகப் போகப் புரியும்.

அடிப்படையான விஷயம் ஒன்றுதான். நீங்கள் திறந்த நிரல் உங்கள் பெயரில் ஓடுகிறது. உங்கள் போட்டோ ஃபோல்டரை நீங்கள் திறந்தாலும் அந்த நிரல் திறந்தாலும் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். யார் கை என்று அது பார்ப்பதில்லை. கைபேசியில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில் அடைபட்டிருக்கும், கேமராவோ தொடர்புப் பட்டியலோ வேண்டுமென்றால் உங்களிடம் கேட்டாக வேண்டும். வழக்கமான டெஸ்க்டாப் நிரல்களுக்கு அப்படிப்பட்ட சுவர்கள் மிகக் குறைவு. ஆகவே உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் எதைப் பார்க்க முடியுமோ, எதைச் செய்ய முடியுமோ, ஏறக்குறைய அத்தனையும் அவனாலும் முடியும். 'இந்த நிரல் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா' என்று வந்த பெட்டியில் 'ஆம்' கொடுத்திருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகும்: ஆன்டிவைரஸை நிறுத்தலாம், வீட்டில் மற்றவர்களின் பயனர் கணக்குகளுக்குள்ளும் நுழையலாம். ஆனால் அந்த 'ஆம்' இல்லாமலேயே விலைமதிப்புள்ளது எல்லாம் போய்விடும் என்பதைத்தான் பலர் உணர்வதில்லை. பாஸ்வேர்டு, போட்டோ, கடிதம், மின்னஞ்சல் எல்லாம் உங்கள் சாதாரணப் பயனர் கணக்கில்தானே இருக்கின்றன.

'எங்கள் ரவுட்டரில் ஃபயர்வால் இருக்கிறதே' என்பார்கள். வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவனை அது தடுக்கும். இந்த நிரல்கள் உள்ளே இருந்துகொண்டு தாங்களே வெளியே பேசுகின்றன. நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறக்கும்போது எந்த வழியாக, எந்த மாதிரி பூட்டிய இணைப்பு போகிறதோ, அதே மாதிரிதான் இதுவும் போகும். ரவுட்டருக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இனி, எந்த வகை நிரல் வந்தது என்பதைப் பொறுத்து இரண்டு விதமான கதை இருக்கிறது. எல்லோர் மனதிலும் இருக்கும் பயம் முதல் வகையைப் பற்றியது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் நடப்பது இரண்டாவது வகை. நான் மெனக்கெட்டு இவ்வளவு எழுதுவதே இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான்.

முதல் வகை, தொலைவிலிருந்து கணினியை ஆளும் ட்ரோஜன். துறையில் சுருக்கமாக 'ராட்' என்பார்கள். இது புதிதல்ல. 1998இல் 'பேக் ஓரிஃபிஸ்' என்ற நிரலை ஒரு ஹேக்கர் குழு வெளியிட்டு, விண்டோஸ் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியது. அதன் பிறகு இது கடைச்சரக்காகவே ஆகிவிட்டது. 'பிளாக்‌ஷேட்ஸ்' என்ற நிரல் 40 டாலர் அளவு விலைக்கு விற்றது. 2014 மே மாதம் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை வைத்திருந்தவர்களைப் பிடித்தபோது, 100க்கும் மேற்பட்ட நாடுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது புகுந்திருந்ததாக அமெரிக்க அரசுத் தரப்பு சொன்னது. இதை வாங்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, மவுஸைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

ஹேக்கர் தன் கணினியில் பார்க்கும் திரை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு பெரிய அட்டவணை. தொற்றிய கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. நாட்டுக் கொடி, கணினியின் பெயர், உங்கள் பயனர் பெயர், விண்டோஸ் பதிப்பு, கேமரா உண்டா இல்லையா, பல நிரல்களில் வரிசையின் கடைசிப் பெட்டியில் நீங்கள் இந்த நொடி திறந்து வைத்திருக்கும் சாளரத்தின் தலைப்பு. நீங்கள் வங்கிப் பக்கத்துக்குப் போனால் அந்த வரிசையில் வங்கியின் பெயர் மாறி வந்து நிற்கும். வரிசையின்மேல் வலது கிளிக் செய்தால் பட்டியல் விரியும்: திரையைப் பார், ஃபைல்களைப் பார், கேமரா, மைக், விசைப்பதிவு, கட்டளை ஓட்டு. அவ்வளவுதான் வேலை.

அதில் விசைப்பதிவைத் திறந்தால் வருவது வெறும் எழுத்துக் குவியல் இல்லை. முதலில் சாளரத்தின் தலைப்பு, நேரம். அதன் கீழே நீங்கள் தட்டியது தட்டியபடி. பாஸ்வேர்டில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்து, அழித்து, மறுபடி அடித்திருந்தால், அழித்த பட்டனும் அங்கே பதிவாகியிருக்கும். எழுதி முடித்து அனுப்பாமல் அழித்துவிட்ட கடிதம்கூட இருக்கும். ஒருமுறை அப்படியொரு பதிவைப் பார்த்தவர்களுக்கு மனசு கொஞ்ச நாள் சரியாக இருக்காது. பாஸ்வேர்டு போனதைவிட, ஒருவர் தயங்கித் தயங்கி எழுதியதை இன்னொருவன் படித்திருக்கிறான் என்பது உறுத்தும்.

கேமரா விஷயம். ஆம், முடியும். பக்கத்தில் எரியும் சிறு விளக்கை நம்பலாமா என்றால், பெரும்பாலும் நம்பலாம், முழுவதுமாக அல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், 2008 வாக்கு வரை வந்த பழைய மேக்புக், ஐமேக் சிலவற்றில் விளக்கு எரியாமலே கேமராவை ஓட்டிக் காட்டினார்கள். பிற்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் கேமராவுக்கு மின்சாரம் போனால் விளக்குக்கும் போகும்படி வயரே சேர்த்திருக்கிறது. நிரலால் அதைப் பிரிக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு படம் எடுக்க விளக்கு கண்சிமிட்டும் நேரம் எரிந்தால் போதும், நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருக்கலாம். கேமராவின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவது கோழைத்தனம் இல்லை, அமெரிக்க எஃப்பிஐயின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமியே தான் ஒட்டுவதாக 2016இல் வெளிப்படையாகச் சொன்னார். மைக்கைக் காகிதம் மறைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதற்குத் தனி விளக்கும் பெரும்பாலான கணினிகளில் இல்லை, திரையோரத்தில் தோன்றும் சின்ன அடையாளம்தான்.

மேக் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் தமக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். 'ஃப்ரூட்ஃபிளை' என்ற உளவு நிரல் வழக்கில் 2018 ஜனவரியில் அமெரிக்காவில் ஒருவர்மீது குற்றச்சாட்டு பதிவானது. 13 ஆண்டுகளுக்கும் மேலாக, ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து படங்களும் பாஸ்வேர்டுகளும் எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த நிரல் முக்கியமாக ஓடியது மேக் கணினிகளில்தான். 13 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் நடைமுறையில், முன்பின் தெரியாத ஒருவன் ஆயிரக்கணக்கான வரிசைகளில் உங்கள் வரிசையைத் தேர்ந்தெடுத்து மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது அபூர்வம். அவனுக்கு உங்கள் வீடு தேவையில்லை, காசாகும் பொருள்தான் தேவை. அங்கேதான் இரண்டாவது வகை வருகிறது.

அதற்குப் பெயர் 'ஸ்டீலர்', அதாவது திருடன். இது தங்குவதில்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. வந்து, அள்ளிக் கட்டி, அனுப்பிவிட்டு, பல சமயம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. 'திறந்தேன், ஒன்றும் வரவில்லை' என்று நீங்கள் சொன்னீர்களே, என் அனுபவத்தில் அந்த வாக்கியம் பெரும்பாலும் ஸ்டீலரைத்தான் குறிக்கும். ஆன்டிவைரஸ் இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தது என்பதற்கு அப்புறம் பெரிய அர்த்தமில்லை. முதல் நிமிடத்திலேயே வேலை முடிந்திருக்கும்.

அது கட்டும் மூட்டையைத் துறையில் 'லாக்' என்பார்கள். ஒரு ஃபோல்டர், பெயரில் பெரும்பாலும் நாட்டின் குறியீடும் ஐபி முகவரியும் (உங்கள் இணைய இணைப்பின் எண்) தேதியும் இருக்கும். உள்ளே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிசையாக: இணையதள முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு. கீழே அடுத்தது. பிரவுசரில் 'நினைவில் வை' என்று நீங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த எல்லாம் ஒரே நீளப் பட்டியலாக. இன்னொரு ஃபோல்டரில் குக்கிகள், அதாவது உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள இணையதளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்புகள். இன்னொன்றில் படிவங்களில் தானாக நிரம்பும் விவரங்கள்: பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், சேமித்த அட்டை எண். டெஸ்க்டாப்பிலும் ஆவணங்கள் ஃபோல்டரிலும் கிடந்த சில ஃபைல்கள். கிரிப்டோ வாலட் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயத்துக்கான பர்ஸ்) இருந்தால் அது. கணினியின் விவரம் ஒரு பக்கம். கூடவே பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட், அந்த நிரல் ஓடிய அதே கணத்தில் எடுத்தது. அந்தப் படத்தில் பெரும்பாலும் தெரிவது என்ன தெரியுமா? இறக்கிய ஃபைலைத் திறந்துவிட்டு, ஏன் ஒன்றும் வரவில்லை என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரை.

பாஸ்வேர்டைப் பிரவுசர் பூட்டித்தானே வைக்கிறது என்று கேட்கலாம். பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் சாவி உங்கள் பயனர் கணக்கிடம் இருக்கிறது, உங்கள் பெயரில் ஓடும் நிரல் கேட்டால் கிடைக்கும்படி. குரோம் 2024 ஜூலையில் விண்டோஸில் குக்கிகளுக்குக் கூடுதல் பூட்டு ஒன்று போட்டது. சில மாதங்களுக்குள்ளேயே ஸ்டீலர் எழுதுபவர்கள் அதைச் சுற்றிப்போகும் வழிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த மூட்டையில் பாஸ்வேர்டைவிட ஆபத்தானது குக்கி. ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு, ஓடிபியும் சொன்ன பிறகு கையில் ஒரு சீட்டு தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உள்ளே எங்கே போனாலும் சீட்டைக் காட்டினால் போதும். லாகின் குக்கி அந்தச் சீட்டு. அது அவன் கையில் இருந்தால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது, ஏனென்றால் அந்தச் சோதனையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். 2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்ற யூடியூப் சேனல், 1.5 கோடிக்கு மேல் சந்தாதாரர்கள் கொண்டது, இப்படித்தான் கைமாறியது. விளம்பர ஒப்பந்தம் போல வந்த ஃபைலை அங்கே ஒருவர் திறந்திருக்கிறார். கணினி பற்றியே நாள் முழுதும் பேசுகிற நிறுவனம் அது. நீங்கள் ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம்.

இந்த மூட்டைகளுக்குச் சந்தையே இருக்கிறது. 'ஜெனிசிஸ் மார்க்கெட்' என்ற சந்தையை 2023 ஏப்ரலில் பல நாட்டுக் காவல்துறைகள் முடக்கியபோது, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து எடுத்த, 8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் லாகின் விவரங்கள் அதில் விற்பனைக்கு வந்திருந்ததாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. 2025 மே மாதம் 'லுமா' என்ற ஸ்டீலருக்கு எதிராக மைக்ரோசாஃப்ட் நடவடிக்கை எடுத்தபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது தொற்றியிருந்ததைக் கண்டதாக அறிவித்தது. அதாவது உங்கள் மூட்டையை எடுத்தவன் ஒருவன், வாங்கிப் பயன்படுத்துகிறவன் வேறொருவன். பல வாரம் கழித்து, எல்லாம் மறந்த பிறகு, உங்கள் கணக்கில் ஏதோ நடந்தால் காரணம் இதுதான்.

வங்கி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகவரி சரியாக இருக்கிறதா, பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கிவிட்டார்கள். போலித் தளத்துக்கு அது நல்ல சோதனைதான். ஆனால் பிரவுசருக்குள்ளேயே நிரல் புகுந்துவிட்டால் தளம் உண்மையானது, முகவரி உண்மையானது, பூட்டும் உண்மையானது. பூட்டு காப்பது வழியில் போகும் செய்தியை. அதைப் பூட்டுவதற்கு முன்பே இவன் படித்துவிடுகிறான். 2007இல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸியஸ்' ட்ரோஜன் குடும்பம் இதைத்தான் பெரிய அளவில் செய்தது: நிஜ வங்கிப் பக்கத்திலேயே கூடுதலாக ஒரு பெட்டி வரும், அட்டையின் ரகசிய எண்ணைக் கேட்கும். நீங்கள் வங்கிதான் கேட்கிறது என்று நிரப்புவீர்கள். இன்னும் சில நிரல்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது டெஸ்க்டாப் ஒன்றைத் திறந்து, அதில் உங்கள் பிரவுசரை ஓட்டி, நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பரிவர்த்தனை செய்யும். வங்கியின் கணக்குப்படி அது உங்கள் கணினி, உங்கள் ஐபி, உங்கள் பிரவுசர். நீங்கள் நகலெடுத்த கிரிப்டோ முகவரியை ஒட்டும் இடத்தில் மாற்றிவிடும் சின்ன நிரல்களும் உண்டு. நீளமான எழுத்துக் கோவையில் முதலும் கடைசியும் மட்டும் பார்த்து அனுப்புகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

உங்களிடம் எடுக்க ஒன்றுமே இல்லை என்றாலும் கணினி அவனுக்குப் பயன்படும். உங்கள் வீட்டு இணைப்பின் வழியாக வேறொருவன் குற்றம் செய்யலாம், தேடினால் உங்கள் ஐபி முகவரிதான் கிடைக்கும். '911 எஸ்5' என்ற வலையமைப்பு 2024 மே மாதம் முடக்கப்பட்டபோது 1.9 கோடி ஐபி முகவரிகள் அதில் இருந்தன. இலவச விபிஎன் (இணையத்தில் நம் இடத்தை மறைக்கும் சேவை) என்று நினைத்து மக்கள் தாங்களே நிறுவியவை அதில் நிறைய. மற்றபடி ஸ்பேம் அனுப்புவது, பிறர் தளங்களைத் தாக்குவது, உங்கள் கணினியை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பது, இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

கைபேசி? கணினியில் வந்த விண்டோஸ் வைரஸ் வைஃபை வழியாகத் தாவி அப்டேட் ஆன கைபேசிக்குள் போய்விடாது. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் கைபேசியில் இருப்பது கணினியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பைக் கணினியில் இணைத்து வைத்திருந்தால் அதைப் படிக்கலாம். கைபேசியின் போட்டோக்கள் கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ சேர்ந்து, அந்தக் கணக்கு கணினியில் திறந்திருந்தால், கைபேசியைத் தொடாமலே போட்டோக்கள் அத்தனையும் கிடைக்கும். ரவுட்டர்தான் வீட்டில் பலரும் மறக்கும் இடம். அதன் நிர்வாகப் பாஸ்வேர்டு வந்தபடியே இருந்தால், உள்ளே இருந்துகொண்டு டிஎன்எஸ் அமைப்பை, அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் அமைப்பை, மாற்றிவிடலாம். நீங்கள் ஒரு தளத்தைக் கேட்டால் வேறொன்றுக்குக் கூட்டிப்போகும். 'டிஎன்எஸ்சேஞ்சர்' என்ற நிரல் இப்படிக் கணினிகளிலும் சில ரவுட்டர்களிலும் அமைப்பை மாற்றி, சுமார் 40 லட்சம் கணினிகளைத் திசைதிருப்பியிருந்தது, 2011 நவம்பரில் அந்தக் கும்பலைப் பிடித்தார்கள்.

அவனால் முடியாததையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பயம் அளவு மீறிப்போகும். அணைத்து வைத்த கணினியில் அவனால் எதுவும் செய்ய முடியாது. இணைப்பைத் துண்டித்தால் பார்க்க முடியாது. செருகாத ஹார்டு டிஸ்க்கைத் தொட முடியாது. தொற்று வந்த பிறகு திறக்கவே திறக்காத பாஸ்வேர்டு மேனேஜரின் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமிக்கும் தனி ஆப்) பெட்டகத்தை, அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு வலுவாக இருந்தால், உடைப்பது மிகக் கடினம். லாகின் செய்வதற்குக் கணினியில் செருகும், பென்டிரைவ் போல இருக்கும் பாதுகாப்புச் சாவியின் உள்ளே இருக்கும் ரகசியத்தை நகலெடுக்க முடியாது, லாகின் ஆன பிறகு கிடைக்கும் குக்கி மட்டும் போகலாம். 'உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்தேன், பணம் அனுப்பு' என்று உங்கள் பழைய பாஸ்வேர்டையும் போட்டு வரும் மின்னஞ்சல் கிட்டத்தட்ட எப்போதும் பொய். அந்தப் பாஸ்வேர்டு ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து எப்போதோ கசிந்த பட்டியலில் இருந்தது. உண்மையிலேயே படம் இருப்பவன் ஒரு காட்சியைக் காட்டித்தான் மிரட்டுவான். பணம் அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதை அழுத்திச் சொல்கிறேன். உங்களைத் தெரிந்த ஒருவர், பிரிந்த துணையோ வீட்டில் இருப்பவரோ, கணினியில் உளவு நிரல் வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன 'யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை' என்ற ஆறுதல் உங்களுக்குப் பொருந்தாது. அவர் ஒவ்வொன்றையும் படிப்பார். அவசரப்பட்டு நீக்கினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், சாட்சியமும் போய்விடும். அந்தக் கணினியில் உதவி தேடாமல், அவர் கை படாத வேறொரு கருவியிலிருந்து நம்பிக்கையானவரிடம் பேசுங்கள். முதலில் உங்கள் பாதுகாப்பு, கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி செய்ய வேண்டியது. தெரிந்தவர் ஒருவர் தன் மின்னஞ்சல் பாஸ்வேர்டை ஒரே வாரத்தில் மூன்று முறை மாற்றினார், மூன்று முறையும் மறுநாளே கணக்கு கைவிட்டுப் போனது. அவ்வளவு கவனமான மனிதர். ஒவ்வொரு முறையும் முன்னைவிட நீளமான பாஸ்வேர்டு. மாற்றியது எல்லாம் தொற்றிய அதே மடிக்கணினியில். புதுப் பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் அவரே அவனுக்குத் தட்டிக் கொடுத்திருக்கிறார். நான்காம் முறை தம்பியின் கைபேசியிலிருந்து மாற்றினார், நின்றது.

அதனால் முதலில் தொற்றிய கணினியின் இணைப்பைத் துண்டியுங்கள். சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் அதை வைத்துத்தான் மீட்க முடியும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் பல சேவைகளில் பழைய குக்கி செல்லுபடியாகிக்கொண்டே இருக்கலாம், அதனால்தான் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் சொன்னேன். அதோடு மின்னஞ்சல் அமைப்புக்குள் போய், மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா, மின்னஞ்சலை வேறு முகவரிக்கு அனுப்பிவைக்கும் விதி ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் மறுபடி மறுபடி மாட்டுகிறார்கள்: பாஸ்வேர்டு அவனிடம் இல்லை, ஆனால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு வங்கியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள், பிரவுசரில் சேமித்த அட்டைகளை மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு மற்றக் கணக்குகள். பட்டியல் நீளமாக இருந்தால், பணமும் உங்கள் பெயரும் சம்பந்தப்பட்டவற்றை முதலில். ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைத்திருந்தால் அவற்றை ஒன்றுவிடாமல்.

கணினியை ஸ்கேன் செய்து சுத்தம் செய்தால் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில்: விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுங்கள், நிறுவும் பென்டிரைவை வேறொரு கணினியில் தயாரியுங்கள். முதல் நிரல் இரண்டாவதையும் மூன்றாவதையும் இழுத்து வந்திருக்கலாம், ஆன்டிவைரஸ் கண்டது ஒன்றை மட்டும். போட்டோ, ஆவணம், பாட்டு ஆகியவற்றை எடுத்து வைக்கலாம். நிறுவும் ஃபைல்களையும், கிராக் செய்த மென்பொருள்களையும், எங்கிருந்து வந்தது என்று நினைவில்லாத ஜிப் ஃபைல்களையும் எடுக்காதீர்கள். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே (கருவியிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) போய் ஒளியும் வகைகள் உண்மையில் உண்டு, 2018இல் 'லோஜாக்ஸ்' பிடிபட்டது. ஆனால் அது குறிப்பிட்ட அரசு அலுவலகங்களைக் குறிவைத்தது, வீட்டுக் கணினிக்கு அதை எண்ணிப் பயப்படத் தேவையில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, டிஎன்எஸ் அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வதும் அவசியம், இல்லையென்றால் புதுக் கணினியிலும் அதே கதவு திறக்கும். கிராக் மென்பொருளும் விளையாட்டுக்கான ஏமாற்று நிரல்களும் பழைய வழிகள். 2024 முதல் பரவலாக ஒன்று: 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், அடுத்து கன்ட்ரோலும் வி எழுத்தும், பிறகு என்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை உங்கள் நகல் பலகையில் வைத்திருக்கும். நீங்கள் அதை ஒட்டி, உங்கள் கையாலேயே ஓட்டுகிறீர்கள். எந்த நிஜமான சோதனையும் உங்களை அந்தப் பட்டன்களை அழுத்தச் சொல்லாது.

கடைசியாக ஒன்று, விண்டோஸை நிறுவியவுடன் பலர் சறுக்கும் இடம். பிரவுசரில் உங்கள் கணக்கைப் போட்டதும் பழைய புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் தானாகத் திரும்பி வரும், எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரோடு சேர்த்து நிறுவும் குட்டி நிரல்கள்) வரும். அவற்றில் ஒன்று அவன் வைத்ததாக இருந்தால், அழித்து நிறுவிய சுத்தமான கணினிக்குள் பத்தே நொடியில் அதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே முதல்முறை உள்ளே போகும்போது எக்ஸ்டென்ஷன்கள் தானாகத் திரும்பி வரும் ஒத்திசைவை (சிங்க்) மட்டும் அணைத்து வையுங்கள். உங்களுக்கு வேண்டியவற்றைப் பெயர் பார்த்து ஒவ்வொன்றாக நீங்களே நிறுவிக்கொள்ளுங்கள்.